பானெட்டுக்கு முன்னால் கவின்

ஐப்பசி, வெள்ளி இரவு.

காலையில் இவர் லோடு வண்டியை எடுக்கும்போது எங்கள் கவின் அதன் முன்னால் நின்றிருக்கிறான். சாப்பாட்டு டப்பா எடுக்க நான் உள்ளே போயிருந்தேன். இரண்டு வயதுப் பிள்ளையின் தலை டிரைவர் சீட்டிலிருந்து தெரியவில்லை. போன மாதம்தான் பெரிய டயர் போட்டு வண்டியை உயர்த்தினோம்.

எதிர்வீட்டு செல்வி அக்கா தெருவில் பட்டு இழைகளை நீளமாக இழுத்துத் தறிக்குப் பாவு போட்டுக்கொண்டிருந்தாள். பாவு நீட்டிவிட்டால் பாதியில் யாரும் கையை எடுக்க மாட்டார்கள், இழையெல்லாம் சிக்கிவிடும். அக்கா எடுத்தாள். ஓடிவந்து பானெட்டில் ஓங்கி அறைந்தாள். வண்டி நின்றது. பட்டு சேற்றில் கிடந்தது.

"புள்ள நிக்கறதுகூட தெரியாத அளவுக்கு வண்டிய தூக்கி வச்சுக்கினு யாருக்குபா ஷோ காட்டற?"

"என் தப்புதான்கா," என்றார் இவர்.

உயர்த்தச் சொன்னது நான். மாகறல் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் அம்மா வீட்டுக்குப் போக முடியாது என்று நச்சரித்தேன். "முன்னாடி கிட்டக்க இருக்கறது எதுவும் தெரியாதுமா, யோசிச்சிக்கோ," என்று இவர் சொன்னார். வீடியோவெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றேன்.

அக்கா திட்டியபோது தெருவே இவரைப் பார்த்தது. கவினை இறுக்கிக்கொண்டு பேசாமல் நின்றேன்.

சாயங்காலம் இவரும் அக்காவோடு உட்கார்ந்து சிக்கிய இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோனேன்.

"நீயாச்சும் புருஷனுக்கு எடுத்து சொல்லுமா. படிச்ச பொண்ணு நீ," என்றாள் அக்கா.

"சொல்றேன்கா," என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. டீயை மட்டும் வாங்கிக்கொண்டார்.