அமைச்சர் வாய், என் கை

ஜூன் 3, செவ்வாய்

இன்று கேள்வி நேரத்தில் வெளியுறவு அமைச்சர். எல்லைச் சண்டையைப் பற்றி யார் எப்படி மடக்கிக் கேட்டாலும் ஒரே பதில்: "நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்." அவர் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். திரையின் ஓரத்துச் சின்னப் பெட்டிக்குள் நின்று அதைச் சைகை மொழியில் சொல்லும் என் பாடுதான் திண்டாட்டம். 'கவனிக்கிறோம்' என்று கண்ணருகே விரலை வைத்து நீட்டி நீட்டித் தோள்பட்டை கழன்றே விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் செய்தி: "என்னடி, உங்க அமைச்சர் எதையாவது பார்த்து முடிச்சாரா இல்லையா?"

காது கேட்காத என் அக்காவுக்குக் கேள்வி நேரம்தான் தொடர் நாடகம். ஒரு நாள் விடமாட்டாள். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். சிரிப்பு நின்றதும், நான் ஒருத்தி மட்டும் இருக்கும் வீடு பழையபடி ஆகிவிட்டது.

ஜூன் 5

அக்காவுக்கு இந்த மாத உதவித்தொகை வரவில்லையாம். தாமதமாக இருக்கும் என்றேன்.

ஜூன் 10

தாமதம் இல்லை. நிறுத்திவிட்டார்கள். "சரிபார்ப்புக்காகத் தொலைபேசியில் அழைத்தோம், எடுக்கவில்லை" என்பது காரணம்.

காது கேட்காது என்பதற்காகக் கொடுக்கிற தொகை. அது சரியா என்று பார்க்க போன் பண்ணியிருக்காங்க! எந்தப் புண்ணியவானுக்கு உதித்த யோசனையோ. தையல் வேலையில் வருவது அக்காவின் சாப்பாட்டுக்கே இழுபறி. வாடகை இந்தத் தொகையில்தான் போகிறது. என்னோடு வந்து இரு என்று எவ்வளவோ கெஞ்சினேன்.

"எனக்கு இடம் வேண்டாம். என்னோடது எனக்கு வேணும்" என்றாள்.

ஜூன் 12

இப்படிப் பலருக்குத் தொகை நின்றதை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேள்வியாகக் கொடுத்திருக்கிறார். செவ்வாயன்று நலத்துறை அமைச்சர் பதில் சொல்கிறார். அக்காவுக்குச் சொன்னேன். வேலையை ஒதுக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாளாம். என்னைவிட அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

ஜூன் 17

அவர் சொன்னார்: "யாருடைய உதவித்தொகையும் நிறுத்தப்படவில்லை. நான் பொறுப்போடு சொல்கிறேன்."

நானும் சொன்னேன்.

எங்கள் தொழிலில் 'அமைச்சர் சொல்கிறார்' என்று சேர்த்துக்கொள்ள முடியாது. பேசுபவர் யாரோ அவராகவே ஆகிவிட வேண்டும். அவர் 'நான்' என்றால் என் விரல் என் நெஞ்சைத் தொட வேண்டும். அவர் அடித்துச் சொன்னால் என் முகமும் அடித்துச் சொல்ல வேண்டும். தொட்டேன். முகமும் அப்படித்தான் இருந்தது, ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் தடுமாறியிருக்கக் கூடாதா? இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விடுகிறது.

மாலை அக்காவின் செய்தி: "உன் கை கூசலயாடி?"

"அது நான் இல்லக்கா, அமைச்சர்" என்று அனுப்பினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

ஜூன் 19

பதில் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே அழைப்பு மணியை அழுத்தினால் உள்ளே விளக்கு மினுக்கும். அழுத்திக்கொண்டே நின்றேன். ஜன்னல் திரை விலகியது. என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்குவதற்குள் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

மற்றவர்களிடம் என்றால் வாசலில் நின்று கத்தவாவது செய்யலாம். அக்கா பார்க்காவிட்டால் நான் ஊமை. பேருந்தில் வரும்போது அழுதேன். பக்கத்து இருக்கைப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜூன் 26

கேமராக்காரர், "என்னம்மா, உடம்பு சரியில்லையா? முகமே சரியில்லையே" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

நாளெல்லாம் பேசுகிறேன். அதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. என்னுடையதைப் பேச இருந்தது ஒரே ஆள். காலையில் பால் பொங்கி வழிந்தபோது என்னை அறியாமல் கை பேசியது — 'பால் போச்சு பாரு' என்று. யாருக்குச் சொன்னேன்?

ஜூலை 4

மொழிபெயர்ப்பாளர் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். அக்கா மேல்முறையீடு செய்திருக்கிறாள், செவ்வாயன்று விசாரணை. அவளுக்காகப் பேசப் போகவேண்டிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"சொந்தக்காரங்களை அனுப்புற வழக்கம் இல்லதான். ஆனா வேற ஆளே இல்லம்மா. உங்க அக்காகிட்டயும் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

"யாரா இருந்தா என்ன, ஒழுங்காப் பேசினா சரின்னாங்க."

இந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது? திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

ஜூலை 8

சின்ன அறை. மின்விசிறி காகிதங்களைத் தூக்கிக்கொண்டே இருந்தது. அக்கா தலையை லேசாக அசைத்தாள், முன்பின் தெரியாதவர்களுக்கு அசைப்பது போல. இளைத்திருக்கிறாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. "யாருக்கும் நிறுத்தலைன்னு அமைச்சரே சபையில சொல்லியிருக்காரே" என்றார்.

அதே வாக்கியம். மறுபடியும் என் கையால். இந்தமுறை கை தானாகப் போகவில்லை.

அக்கா பேசத் தொடங்கினாள். அவளுக்கு நான்தான் வாய். அவள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"அதை நானும் பார்த்தேன் சார். டிவியில என் தங்கச்சிதான் கையால சொன்னா. சின்ன வயசுல வீட்ல எல்லாரும் என்னை விட்டுட்டுப் பேசுவாங்க. அவ ஒருத்திதான் என்ன பேசுறாங்கன்னு எனக்குச் சொல்லுவா. எனக்கு அவ பொய் சொன்னதே கிடையாது. அதனால அன்னைக்கும் நம்பிட்டேன். பணம் வந்திருக்கும்னு பேங்குக்கு ஓடினேன். அங்க ஒண்ணும் இல்ல. அவ கையை வச்சே எனக்குப் பொய் சொல்லிட்டீங்களே சார்."

என் வாயால்தான் இதையெல்லாம் சொன்னேன். எங்கும் நிறுத்தவில்லை, ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

அதிகாரி கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். உதவித்தொகையை மீண்டும் வழங்கும்படி உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்து, "அந்தத் தங்கச்சி இப்ப உங்ககூடப் பேசுறாங்களா?" என்று கேட்டார்.

கையால் கேட்டேன். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துப் பதில் சொன்னாள்.

"பேசுறா சார்" என்றேன்.