கூடையில் மிஞ்சிய கிளிஞ்சல்

உன் மூங்கில் கழியை இன்று காலை உன் மகள் பாக்கியம் திருப்பிக் கொண்டுவந்து என் வாசலில் சாய்த்துவிட்டுப் போனாள். ஐப்பசியில் நீ போன பிறகு அது என் துணிக்கொடிக்கு முட்டாக நின்றுகொண்டிருந்தது. உனக்குக் கோபம் வரும், தெரியும். வேறு எங்கே வைத்தாலும் அதைப் பார்க்க நேரும்போதெல்லாம் அழுகை வந்தது. துணிக்கு நடுவே நின்றால் அத்தனை கண்ணில் படாது என்று அப்படிச் செய்தேன். நேற்றைய நடைக்கு அவள்தான் துடைத்து எடுத்துப் போனாள். இப்போது அதன் அடிமுனையில் ஏரிச் சேறு காயாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்பும் பாசியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறுகிறது. நம் குப்பத்தில் மற்றவர்களுக்கு அந்த வாடை வந்தால் இறால் ஞாபகம் வரும். எனக்குப் பயம்தான் வரும்.

"நீ பயப்படறதுக்குன்னே பொறந்தவடி கன்னிம்மா" என்பாய். அதைச் சொல்லித்தானே என்னைக் கடைசியில் நிறுத்தினாய்.

மாசி நடைக்கு முதலில் போவதற்கும் கடைசியில் வருவதற்கும் ஆள் தேடியபோது, நான் வேண்டவே வேண்டாம் என்று ஓடி ஒளிந்தேன். நீ என் வீட்டுக் கதவைத் தட்டி, "முன்னால போறவளுக்குத் தைரியம் இருந்தா போதும். பின்னால வர்றவ பயந்தவளா இருக்கணும். அவதான் திரும்பித் திரும்பிப் பாப்பா" என்றாய். சிவப்புத் துணி கட்டிய குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாய்.

பொங்கல் முடிந்து ஏரித் தண்ணீர் வடியத் தொடங்கினால் நடை வந்துவிடும். கட்டிக் கொடுத்த பெண்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தார்கள், பாதை என்று எதுவும் கிடையாது, அதனால் வருஷத்தில் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று உன் நைனா சொல்வார். அந்தந்த ஊர்க்காரர் தங்கள் எல்லைவரை வழிகாட்டிக் கூட்டிப்போய் அடுத்த ஊர்க்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். நம் காலத்தில் உறவுக்காரர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆரணியிலிருந்து நெல் வியாபாரிகள், பொன்னேரியிலிருந்து வாத்தியார்கள், திருவள்ளூர் கோயில் தெருவிலிருந்து ஒரு மாமியும் அவர் வீட்டுக்காரரும், புளியோதரை மூட்டையோடு. எளாவூர் ஸ்டேஷனில் இறங்கியவர்களை நாம் போய் அழைத்துக்கொள்வோம். கல்கத்தா ரோட்டை அவர்கள் கடந்து முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். லாரிக்காரன் ஒருவனைக்கூட நான் நம்பியதில்லை. அப்புறம் வரப்பு, பனந்தோப்பு, அதற்கப்புறம் ஏரி. முழங்கால் தண்ணீரில் நடந்து நடு ஏரியின் மணல் திட்டுக்குப் போய், பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்தத் துண்டுக்கு முன்னால் போய் வழிகாட்டுவது நீ.

தண்ணீரில் இறங்குகிற ஆட்களை எண்ணக் கூடாது என்பது நம் வழக்கம். எண்ணினால் ஒன்று குறையும் என்ற பயம். அதற்காக யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரியாமலும் இருக்க முடியாது. அதனால் கரையில் ஒரு கூடை. இறங்குகிற ஒவ்வொருவரும் ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கி அதில் போட வேண்டும், திரும்பி வந்ததும் ஒன்றை எடுத்து எறிய வேண்டும். இடுப்புக் குழந்தைக்கும் ஒன்று உண்டு. எல்லோரும் கால் கழுவிச் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசி ஆளான நான் கூடையைப் பார்த்து, "கூடை காலி!" என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குமுன் யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்காது. நீ வேண்டுமென்றே என் எதிரில் உட்கார்ந்து கருவாட்டைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுவாய்.

அந்த வருஷத்தைச் சொல்கிறேன். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் உன் வயிற்றில் தங்கியது எதுவும் நிற்காமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு தடவையும் ஊர் முழுக்கத் தெரிந்து, எல்லோரும் வந்து பார்த்து, அப்புறம் எல்லோரும் வந்து துக்கம் விசாரித்து, உனக்கு மனுஷர்களைப் பார்க்கவே பிடிக்காமல் போயிருந்தது. கடைசித் தடவைக்குப் பிறகு, "இனிமே சொன்னாதானே போவும்" என்று ஒருநாள் தண்ணீர் மொள்ளும்போது சொன்னாய். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திட்டிலிருந்து திரும்பும்போதே காற்று மாறிவிட்டது. கிழக்கிலிருந்து கொண்டல் அடித்தால் ஏரித் தண்ணீர் முழுக்க நம் கரைப் பக்கம் வந்து குவியும், உனக்குத் தெரியாததா. போகும்போது முழங்காலில் இருந்த தண்ணீர் தொடைக்கு ஏறியது. கரைக்குப் பக்கத்தில் படகு போகிற ஓடையில் இடுப்புக்கு வந்துவிட்டது. நீ அந்த ஓடையின் நடுவில் கழியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒவ்வொருவராகக் கழியைப் பிடித்துத் தாண்டினார்கள். மாமி தாண்டும்போது, "என்னமா குளிர்றதுடீம்மா, நீ எப்படி நின்னுண்டே இருக்கே?" என்று கேட்டார். நீ சிரித்தாய். உன் உதடு வெளுத்திருந்தது. எனக்கு அது குளிர் என்றுதான் பட்டது.

நான் சிவப்புத் துணியோடு தாண்டினேன். கடைசியாக நீ ஏறினாய். ஏறிய வேகத்தில் கூடையில் கைவிட்டு ஒரு கிளிஞ்சலை எடுத்து எறிந்தாய். வழக்கப்படி நான் கால் கழுவப் போயிருக்க வேண்டும். காற்று என்னை விடவில்லை. ஏரி முழுக்க நுரைத்துக்கொண்டிருந்தது. நேராகக் கூடையிடம் போய்க் குனிந்து பார்த்தேன்.

அடியில் ஒன்று கிடந்தது.

"யாரு எடுக்கல? யாராவது எடுக்காம கீறீங்களா?" என்று கத்தினேன். எல்லோரும் எடுத்துவிட்டோம் என்றார்கள். யார் இல்லை என்று பார்க்கவும் வழியில்லை, எண்ணியிருந்தால்தானே. அவரவர் தன் ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். மாமி, "இவர் எங்கே? ஐயோ, இவரைக் காணலையே!" என்று அலறினார். அவர் பனைமரத்துக்குப் பின்னால் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் வந்து நின்ற பிறகும் கூடையில் அந்த ஒன்று அப்படியே கிடந்தது.

உன் நைனா படகைத் தள்ளினார். உன் வீட்டுக்காரர் அதற்குள் ஓடையில் இறங்கிவிட்டார். "இந்தக் காத்துல படகு நிக்காது மாமா, நான் நீந்திப் போய்ப் பாக்கறேன்" என்றார். தண்ணீர் அவர் மார்புக்கு வந்துவிட்டது. நான் உன்னைப் பார்த்தேன். எதற்கும் முதலில் பாய்கிறவள் நீ, அன்றைக்கு அசையாமல் நின்றாய். முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாய். உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு நீ கத்தினாய். "யோவ்! கரைக்கு ஏறுய்யா! நைனா, படகை வுடு! அங்க யாரும் இல்ல. அது என்துதான்."

"உன்துதான் எடுத்துப் போட்டுட்டியேடி" என்றேன் நான். இருந்த பதற்றத்தில் எனக்கு எதுவும் புரியவில்லை.

நீ என்னைப் பார்க்காமல் கூடையைப் பார்த்துச் சொன்னாய். "எனக்கு ரெண்டு. தண்ணில எறங்கற உசுருக்கெல்லாம் போடணும் இல்ல? போடாம வுட்டா அது இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் எடுத்துக்கலாம்னு இருந்தேன்."

இத்தனை ஜனத்துக்கு முன்னால் உன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டதே அந்தக் கிளிஞ்சல் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்ற கோபமும் கூடவே வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

முதலில் வாய் திறந்தவர் மாமிதான். ஈரப் புடவையோடு உனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றார். "இங்கே யாருக்கும் ஒண்ணும் காதுல விழலை. காத்து அடிச்சது, அவ்வளவுதான். புரிஞ்சுதா? எல்லாரும் காலை அலம்பிண்டு சாப்பிட ஒக்காருங்கோ" என்றார். நெல் வியாபாரி ஒருவர், "ஆமாமா, ஒரே காத்து, ஒண்ணியும் கேக்கல" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வாத்தியார்கள் பூநாரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நீ குனிந்து இரண்டாவது கிளிஞ்சலை எடுத்தாய், எறியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாய். நான் "கூடை காலி" என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஆவணிவரை நான் பட்ட பாட்டை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? உப்பு இல்லை, நெருப்பு இல்லை, சல்லடை இல்லை என்று தினம் ஒரு சாக்கோடு உன் வீட்டுக்கு வந்தேன். வந்து உன் முகத்தைப் பார்ப்பேன், நடையைப் பார்ப்பேன், கேட்க வாய் வராது. நீ முனகினால் எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் போய்விடும். ஒருநாள் நீயே, "இன்னாடி பேஜாரு இது, உங்க ஊட்ல உப்பே வாங்கறதில்லையா?" என்று கேட்டாய். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் உனக்கு எதுவும் ஆகிவிடுமோ என்று அதற்கும் பயந்தேன்.

ஆரணியிலிருந்தோ பொன்னேரியிலிருந்தோ ஒரு வார்த்தை நம் குப்பத்துக்குத் திரும்பி வரவில்லை. அத்தனை பேரும் காற்றைத்தான் கேட்டிருந்தார்கள். ஆவணியில் பாக்கியம் பிறந்தாள். அடுத்த மாசியில் எளாவூர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும், மாமி படிக்கட்டில் இருந்தபடியே, "எங்கே, எங்கே, குழந்தையைக் காட்டு!" என்று கையை நீட்டினார். பாக்கியம் உன் இடுப்பில் இருந்தாள். அன்றைக்கு ஊருக்கே கேட்கும்படி இரண்டு கிளிஞ்சலையும் நீ கூடையில் எறிந்தாய்.

போன மாசியில் உன்னால் தண்ணீரில் இறங்க முடியவில்லை. முன்னால் உன் வீட்டுக்காரர் போனார். நீ கரையில் கூடையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "அடுத்த மாசிக்கு நான் வரேன் பாரு" என்று சொன்னாய். உன் கண்ணெல்லாம் மஞ்சள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முதல் தடவையாக, பின்னால் வருகிற என் பயம் முழுக்கக் கரையில் இருந்தது.

நேற்று பாக்கியம் கழியோடு முன்னால் போனாள். நீ நடக்கிற மாதிரியேதான், கால் வைப்பதற்குமுன் சேற்றை இரண்டு தடவை குத்திப் பார்க்கிறாள். கூட்டமும் மாறிவிட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலை வேலைக்கு வந்திருக்கும் பையன்கள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாமியும் வந்தார், இப்போது ஏரியில் இறங்குவதில்லை, பனைநிழலில் உட்கார்ந்து புளியோதரைக்குக் காவல் இருந்தார். காற்று நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் ஏறினார்கள். நான் கால் கழுவவில்லை, அந்த வருஷத்திலிருந்து நான் முதலில் கூடையைத்தான் பார்ப்பேன்.

அடியில் ஒன்று கிடந்தது.

"யாரு எடுக்கல?" என்று கத்திவிட்டேன். எல்லோரும் எடுத்தாகிவிட்டது. பாக்கியம் தன்னுடையதை எடுத்து எறிந்ததை நானே பார்த்தேன். ஒரு நொடி என் பயம் எங்கே போனது தெரியுமா? அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அவள் வந்து என் கையைப் பிடித்தாள். "சின்னம்மா, கத்தாத. அது அம்மாவுது. போன வருசம் வரேன்னு சொல்லிச்சி இல்ல? அதான் கூட்டிக்கினு போனேன்" என்றாள். பிறகு கூடையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப எடுக்கத்தான் கை வரல. எடுத்து எறிஞ்சிட்டா எப்படி சின்னம்மா?" என்றாள்.

எல்லோரும் பசியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடை காலியாகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. உன் வீட்டுக்காரர் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பனைநிழலிலிருந்து மாமி, "காத்து அடிக்கறதுடீம்மா, யாருக்கும் ஒண்ணும் கேக்கலை" என்றார். நான் குனிந்து அதை எடுத்தேன். எறியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, உனக்கும் கேட்கட்டும் என்று அடித்தொண்டையிலிருந்து "கூடை காலி!" என்று கத்தினேன்.

முடிச்சு இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது, உட்காரும்போதெல்லாம் உறுத்துகிறது. அடுத்த மாசிக்கு நான் ஒரு கிளிஞ்சல் பொறுக்கினால் போதும். உன்னுடையது என்னிடம் இருக்கிறது.