இரண்டு டிஸ்க்கில் பிரிந்த குரல்

கீழே மளிகைக் கடையில் இன்று சாம்பிராணி போட்டார்கள். புகை படியேறி நம் கடைக்குள் வந்து, ஓடிச் சூடான கம்ப்யூட்டரின் தூசி வாசனையோடு கலந்தது. மச்சான், அந்த நிமிடம் நீ என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்க மாட்டாய் என்று தெரியும். பார்க்காத வரைக்கும் இருப்பாய் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு ஹார்டு டிஸ்க்கை வைத்திருக்கிறேன். நாம் வாங்கிய இரண்டில் அது ஒன்று. சரஸ்வதி பூசைக்கு நீ வைத்த சந்தனம் உதிர்ந்துவிட்டது. குங்குமப் பொட்டு மட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி காட்டுவாய். "புகை உள்ள போனா கெட்டுப்போயிடும்டா" என்று நான் கத்துவேன். "சாமி கும்பிட்டா கெட்டுப்போற மெஷின் நமக்கு வேணாம் லா" என்பாய். உன்னிடம் பேசி ஜெயித்தவன் யார்?

மலாக்கா பக்கம் ஜாசின் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், தகரக் கூரைக்குக் கீழே நமது வீடியோ கடை. கல்யாணங்களைப் படம் பிடிப்பவன் நீ, உட்கார்ந்து வெட்டி ஒட்டுபவன் நான். நம்மிடம் வந்தவர்கள் கேமராவுக்காக வரவில்லை, மேகத்துக்காக வந்தார்கள். பெண்ணின் அப்பா செத்துப் போயிருந்தால், தாலி கட்டும் நேரத்தில் திரையின் வலது மூலையில் ஒரு மேகம் திறக்கும். அதற்குள் அவர் முகம். பழைய திருவிழா கேசட்டிலிருந்தோ யார் வீட்டுக் காதுகுத்துக் கேசட்டிலிருந்தோ தேடிப் பிடித்து, அவர் அசைவதையும் சிரிப்பதையும் எடுத்து அதற்குள் வைப்போம். இதெல்லாம் மற்றவர்களும் செய்தார்கள். குரல் கொடுத்தது நீ ஒருவன்தான்.

பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டு, "அப்பா எங்கேயும் போகலம்மா. இங்கேதான் இருக்கேன். சிரிச்சிக்கிட்டே இரு, படம் நல்லா வரும்" என்பாய். எல்லாக் கல்யாணத்துக்கும் இதே பேச்சு. பெயர் மட்டும் மாறும். அந்தக் கடைசி வார்த்தை கேமராக்காரன் புத்தி. எடுத்துவிடு என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் அதைக் கேட்டதும் வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒரு நொடி சிரித்துவிடுவார்கள். ஜாசினிலிருந்து புலாவ் செபாங் வரைக்கும், எஸ்டேட்டிலும் தாமான் குடியிருப்புகளிலும், செத்த அப்பாக்களுக்கெல்லாம் உன் குரல்தான். ஒருமுறை உன்னிடம், "எப்படிடா எல்லாரும் இதான் எங்கப்பா குரல்னு அழுவுறாங்க?" என்று கேட்டேன். "செத்துட்டா எல்லாருக்கும் ஒரே குரல்தான்டா" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தாய்.

ரிங்கிட் மதிப்பு விழுந்து கிடந்த காலத்தில்தான் அந்த இரண்டு டிஸ்க் ஆசை உனக்கு வந்தது. கல்யாணங்களே சுருங்கிப்போயிருந்தன. மலாக்கா டவுனில் நாம் வழக்கமாகப் போகும் கம்ப்யூட்டர் கடைச் சீனர், வேகமாகச் சுற்றும் டிஸ்க் இரண்டை எடுத்துக் காட்டினார். இரண்டையும் சேர்த்து ஒன்றாக ஓட்டலாமாம். சீட்டுப் போடுவது போல, படத்தையும் சத்தத்தையும் துண்டு துண்டாக்கி இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுமாம். இரண்டும் ஒரே நேரத்தில் எழுதுவதால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாலும் திக்காமல் ஓடும்.

"ஒன்று கெட்டுப்போனால்?" என்று நான் கேட்டேன். சீனர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மிச்சம் இருப்பதில் ஒரு படம்கூட முழுசாக இருக்காது என்றார்.

வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு டிஸ்க் போறதுக்கே பயந்து சாவுறோம். இதுல ரெண்டுல எது போனாலும் மொத்தமும் போச்சு. அப்படி என்னா அவசரம்? செத்தவனுக்கா அவசரம்?"

நீ வண்டியை ஓட்டியபடியே, "செத்தவருக்குத்தான்டா அவசரம்" என்றாய். சிரிக்கவில்லை.

எதை நினைத்துச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம்தான் பார்வதி அக்கா வந்திருந்தார். உனக்குத் தூரத்துச் சொந்தம், புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டியவர், கணவர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் கல்யாணப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தார். மேகம் திறந்தது. பழைய டிஸ்க்கால் இரண்டு படத்தைச் சேர்த்து இழுக்க முடியவில்லை. மேகத்துக்குள் அந்த மனிதர் கையைத் தூக்கினார், நின்றார், பாதி வாயோடு உறைந்தார், மறுபடி அசைந்தார், மறுபடி நின்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஐயோ தம்பி, அவரு போறப்பவும் இப்படித்தான். விட்டு விட்டு. விட்டு விட்டு மூச்சு வாங்கினாரு. இதை நிறுத்துங்க" என்றார்.

அதன் பிறகு எதைச் சொன்னாலும் உன் காதில் ஏறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டிஸ்க் இரண்டும் வந்தன. என்ன சத்தம்! மாடி முழுக்கக் கொசு பறப்பது போன்ற ஒரு கூவல். தொட்டால் கை சுடும். மேசை விசிறியை அவற்றுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு நாம் வியர்வையில் நனைந்தோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பார்வதி அக்கா கணவர் அன்றைக்கு மேகத்துக்குள் தடங்கல் இல்லாமல் கையசைத்தார். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தப் புது டிஸ்க்கைச் சோதித்துப் பார்த்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். உன் மகள் மகேசுக்கு அப்போது நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. அந்தப் படம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தது. மேலே வைக்க இன்னொரு படம் வேண்டுமே என்று நீயே கேமராவைத் திருப்பி வைத்து, நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்து உன்னையே படம் பிடித்தாய். மேகத்துக்குள் போட்டாய். குரலும் கொடுத்தாய். "மகேசு, அப்பா எங்கேயும் போகலம்மா..."

இந்தப் பைத்தியக்காரத்தனத்தை உன்னைத் தவிர யார் செய்வார்கள்? உயிரோடு இருக்கும் ஒருவன் தன்னைக் கொண்டுபோய் அந்த மேகத்தில் வைப்பானா? நான் வாயைத் திறப்பதற்குள் பகல் சாப்பாட்டோடு உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, மேலே வந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். அடுக்குப் பாத்திரம் கையிலேயே நின்றது.

"என்னாங்க இது? உங்களுக்கு விளையாட்டுக்கு வேற எடமே கெடைக்கலியா? அழிங்க. என் கண்ணு முன்னால அழிங்க."

"சும்மா டெஸ்ட்டு லா. எப்படி, அழகா இருக்கேன்ல?"

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க!"

நீ சிரித்துக்கொண்டே அவள் கண் முன்னால் அழித்தாய். அவள் வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து மூன்று தடவை துப்பிவிட்டு வந்து சோறு போட்டாள். அன்றைக்கு இறால் சம்பல். நீ மட்டும்தான் நன்றாகச் சாப்பிட்டாய்.

தீபாவளி தாண்டி லூபோக் சீனா என்ற ஊரில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டுகிறது, உன் தோளில் கேமரா. மணமக்களையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நீ சரிந்ததைக் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். கேமரா மட்டும் தரையில் கிடந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கேசட்டைப் பார்த்தேன். ஓடுகிற கால்கள், சிதறிய அட்சதை, ஒரு மூலையில் உன் கைவிரல்கள். மேளம் நிற்கவே இல்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒரு டிஸ்க் வழக்கம்போலக் கூவிக்கொண்டு எழுந்தது. இன்னொன்று எழவில்லை. டக்... டக்... டக்... யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுவது போல. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. நான் சொன்னபடியே மொத்தமும் போனது. வாதத்தில் அன்றைக்குத்தான் உன்னை ஜெயித்தேன், கேட்கத்தான் நீ இல்லை. வேலைகளெல்லாம் கேசட்டில் பத்திரமாக இருந்தன. அதனால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன்.

தலைத்திவசம் கழித்து மகேசு கல்யாணம் நடந்தது. படத்தை நான்தான் பிடித்தேன். முடிந்ததும் பெண் என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா, ஊருல இருக்கிற எல்லாப் பொண்ணுக்கும் அப்பா பேசியிருக்காரு. எனக்கு?"

எனக்கு உன் சோதனை ஞாபகம் வந்தது. செத்த டிஸ்க்கையும் உயிரோடு இருந்த டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு மலாக்கா சீனரிடம் ஓடினேன். அழித்தாலும் பெயர்தான் போகும், எழுதியது அடியில் கிடக்கும் என்றார். செத்ததைத் தொட முடியாதாம். மற்றதைத் துருவிவிட்டு ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "செபாரோ சாஜா லா," பாதிதான் என்றார், குரலைத் தாழ்த்தி. அவருக்கும் அது பிடிக்கவில்லை போலிருந்தது.

படத்தில் உன் நெற்றியும் திருநீறும் புருவமும் வந்தன. புருவத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். குரலில் ஒரு துண்டு இருந்தால் அடுத்த துண்டு இல்லை. "...பா எங்... ம் போ... ம்மா..." விட்டு விட்டு. மச்சான், பகல் வெளிச்சத்தில், கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டேன், அப்படியும் மயிர் கூச்செறிந்தது. முதல் துண்டு செத்த டிஸ்க்கில் விழுந்திருந்தது. அதில்தான் நீ அவள் பெயரைச் சொல்லியிருந்தாய்.

மகேசிடம், மற்றக் கேசட்டுகளிலிருந்து உன் குரலை எடுத்து ஓட்டைகளை அடைத்துத் தருகிறேன் என்றேன். எனக்கு அது அரைநாள் வேலை. அவள் தலையை ஆட்டினாள். "வேணாம் மாமா. அதெல்லாம் அவரு மத்தவங்க அப்பாவா பேசினது. எனக்கு எங்கப்பா எனக்குப் பேசினது போதும். ஓட்டையோட குடுங்க."

கொடுத்தேன். மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளையோடு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பகலில், சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமும் உன் வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பார்வதி அக்கா முன்வரிசையில் இருந்தார். தாலி கட்டும் இடம் வந்தது. மேகம் திறந்தது. நெற்றி, திருநீறு, கீழே சாம்பல். முதல் துண்டுக்கு உரிய மௌனம் வந்தது.

அந்த மௌனத்துக்குள் தங்கச்சி, "மகேசு" என்றாள்.

அழி அழி என்று கத்தியவள்தான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உடனே உன் குரல் "...பா எங்..." என்றது. "...கேயும்..." என்றார் பார்வதி அக்கா. அதன் பிறகு கூடமே சேர்ந்துகொண்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லார் வீட்டுக் கேசட்டிலும் இருக்கிற பேச்சுதானே, எல்லாருக்கும் மனப்பாடம். நீ ஒரு துண்டு, அவர்கள் ஒரு துண்டு. உன் இழுவை, உன் நிறுத்தம், அப்படியே. "சிரிச்சிக்கிட்டே இரு" வரைக்கும் வந்தபோது ஒருவராலும் முடியவில்லை, வாயை மூடிக்கொண்டு அழுதார்கள். ஆனால் கடைசி வார்த்தை முழுசாகக் கேட்டது. "படம் நல்லா வரும்." ஓட்டை இல்லாமல்.

யார் சொன்னது என்று பிறகு ஒவ்வொருவராக விசாரித்தேன். நான் இல்லை, நான் இல்லை என்றார்கள். கடைக்கு வந்து கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். "நல்லா" என்பதே அதில் இல்லை. தங்கச்சியிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளாகவே, "அண்ணே, கடைசியில நீங்களும் கேட்டீங்கல்ல?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அன்றைக்கே அவள் என்னிடம் செத்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "எதுக்குத் தங்கச்சி, அது ஓடாதே" என்றேன். "ஓட வேணாம்ணே. எம் மவ பேரு அதுலதானே இருக்கு?" சாமி மேசையில் உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் பொட்டு வைக்கிறாள்.

மற்ற பாதி என்னிடம். இரண்டாக வாங்கியது சரிதானா என்று இப்போதும் என்னிடம் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன், என் வாய் அப்படி. சாம்பிராணிப் புகை இன்னும் போகவில்லை. டிஸ்க்கில் கை வைத்துப் பார்த்தேன். மின்சாரம் கொடுத்து எத்தனையோ காலமாகிறது மச்சான், லேசாகச் சூடாக இருக்கிறது.