கிடாய்த் தொடை வராத பண்டிகை

ஈவோ,
ஞாயிறு மாலை

அன்பு மகள் மொரெனிகேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கோழிகளும் கடவுள் கிருபையால் நன்றாக இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தி, உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை விழுந்து கும்பிடும் மூத்தவர் நாற்காலியில் பெரியப்பாதான் உட்காருகிறார். இதிலென்ன புதுசு என்பாய். போன வாரம் அந்த நாற்காலி காலியாகிப் போயிருந்ததடி, எல்லாம் உன் அப்பாவின் திருவாயால்.

சபைக்குப் புது ஒலிபெருக்கி வந்தது, அதன் வாயை மசூதிப் பக்கம் திருப்பிக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள், மாற்றிக் கட்டுங்கள் என்றேன், என் பேச்சை யார் கேட்டார்கள். இலேயா குர்பானிப் பண்டிகைக்கு முந்தின நாள், ஊரெல்லாம் கிடாய் கத்துகிற நேரத்தில், நம் போதகர் ஐயா, அதுதான் உன் அப்பா, “நமக்காக ஒரே ஆட்டுக்குட்டி அடிக்கப்பட்டாச்சு, இனி எந்தக் கிடாயை அறுத்தும் பிரயோசனமில்ல” என்று முழங்கினார். நம்புவதைத்தான் சொன்னார், நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் சபைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சொந்த அண்ணன், உன் பெரியப்பா அல்ஹாஜி முரிதாலா தன் கிடாய்க்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள், எந்த வருஷமும் தவறாத கிடாய்த் தொடை நம் வீட்டுக்கு வரவில்லை. ரஷீதத் பெரியம்மாதான் வெறுங்கையோடு வந்து, “பிரயோசனமில்லாத கறியைப் போதகருக்கு எப்படி அனுப்புறதுன்னு கேக்குறாரு, பிள்ளை கல்யாணத்துக்கும் சபையிலயே ஒரு பெரிய மனுஷனைப் பாத்துக்கச் சொல்லிட்டாரு” என்று கண்ணைத் துடைத்தாள். அன்று ராத்திரி அப்பா கிழங்கைத் தொடவேயில்லை.

விடிந்ததும் மனுஷன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். முற்றம் நிறைய விருந்தாளிகள், அத்தனை பேர் முன்னால் தொப்பை மண்ணில் பட அண்ணன் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, “அண்ணே, நம்புறதை மாத்திக்க வரல, உங்க பண்டிகை மேல ஏறி நின்னு அதைக் கத்தினது தப்பு” என்றார். பெரியப்பா கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கவிட்டார், பிறகு, “எழுந்திருடா, கோட்டெல்லாம் மண்ணு. நம்பாதேன்னு உன்கிட்ட எவன் சொன்னான்? உண்மை இருந்தா பக்கத்துல உக்காந்து சொல்லு, எனக்குக் காது இருக்கு. கம்பத்து மேலேருந்து ஏன்டா எறியுற?” என்றார். அப்பா அங்கேயே உட்கார்ந்து, தான் எதை ஏன் நம்புகிறேன் என்று மெதுவாகச் சொன்னார், பெரியப்பா முழுக்கக் கேட்டுவிட்டுத் தன்னுடையதைச் சொன்னார். மிளகாய்க் குழம்பு கொதித்து இறங்கும்வரை வாதம் ஓயவில்லை. இரண்டு பேரும் ஜெயிக்கவில்லை, தொடைக்கறிதான் தோற்றது. எனக்குச் சந்தோஷத்தில் இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

நீயும் அங்கே யாரிடமாவது வேதம் பேசினால் முதலில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரு. கல்யாணத் துணிக்கு அளவு அனுப்ப மறந்துவிடாதே, பெரியப்பாவுக்குக் கம்பளிக் குல்லாய் ஒன்று வாங்கி வா.

இன்று ஆராதனையில் ஒலிபெருக்கி ஓய்வெடுத்தது. முடிந்து வருகிறேன், பெரியம்மா சுவர் மேலாக என்னைக் கூப்பிட்டுச் சிரிக்கிறாள், “எங்க வீட்டுக்காரரு காலையிலேருந்து நாற்காலியைச் சுவரோரமா இழுத்துப் போட்டு உக்காந்திருந்தாரு, தம்பி என்ன சொல்றான்னு ஒண்ணும் கேக்கலையாம், கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்றாரு” என்று. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் மறுபடி கம்பத்தில் ஏறிவிடுவார்.

நீ போகும் வழியெல்லாம் உன் கால் இடறாமல் இருக்கட்டும், இரண்டு வீட்டு ஜெபமும் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
எபூன்