கேன் தண்ணீர்

மே 12, இரவு

நிவேதாவை என் ஆய்வகத்தில் கோடைப் பயிற்சிக்கு எடுத்தது அவளுடைய திறமைக்காகவா, அவளுடைய அப்பாவைப் பழிவாங்கவா? எனக்கே பதில் தெரியவில்லை.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வைத்திருப்பவர் அவர். நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது அவருடைய கழிவுநீர்க் கால்வாயில் மாதிரி எடுக்கப் போனேன். பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு, "தண்ணி வேணும்னா உன் வீட்ல போய் மொண்டுக்கோம்மா" என்றார். வேலையாட்கள் சிரித்தார்கள். அவருக்கு என் முகம் நினைவில்லை.

இன்று நிவேதாவுக்கு முதல் வேலையாக அதே கால்வாயைக் கொடுத்தேன். மாலையில் அவரே போன் செய்தார். "பாப்பா எதுக்கு மேடம் அங்க எறங்கணும்? நானே ஆள்கிட்ட குடுத்து அனுப்பறேன்."

அனுப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 13

பாட்டில் வந்தது. தண்ணீர் பளிங்கு போல இருந்தது. உப்பளவுக் கருவியை விட்டுப் பார்த்த நிவேதாவின் முகம் இறுகியது.

"எங்க ஊர் போர் தண்ணியே இதைவிட உப்பு ஜாஸ்தி மேம். இது வீட்ல குடிக்கிற கேன் தண்ணி."

அதைக் கொட்டிவிட்டு, காலி பாட்டிலோடு ஆம்பூர் பஸ் ஏறினாள். சாயங்காலம் கறுத்த தண்ணீரோடு திரும்பினாள். அவளுடைய போன் விடாமல் அடித்தது.

"அப்பாதான் மேம்" என்றாள்.

எடுக்கும்படி நான் சொல்லவில்லை.