மூன்றாம் ஓலை

ராஜபாளையம்,
ஆகஸ்ட் 4.

கனத்துக்குரிய சேகரகுரு அருள்திரு ரத்தினம் ஐயா அவர்களுக்கு, குருமனையிலிருந்து பரிபூரணம் எழுதுவது. ஸ்தோத்திரம்.

கட்டின பெண்சாதி இப்படியா எழுதுவாள் என்று பார்க்காதீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "ஜெபிப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஜெபத்துக்குக் குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் ஆமென் சொல்லிப் போனை வைத்த பிறகு நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கடிதத்துக்கு நடுவில் உங்களால் ஆமென் சொல்ல முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கோயிலில் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். சாம்சனுக்கும் நம் மகள் விஜிக்கும் விவாகம் செய்ய ஏதாவது தடை உண்டா என்று உபதேசியார் கேட்டபோது எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் இந்த மாதச் சபைப் பத்திரிகையைக் கொடுத்தார்கள். போதகர்களுக்குத் தலைமைத்துவம் கற்றுக்கொடுக்கப் பெங்களூரு போயிருக்கிற நீங்கள் அங்கிருந்து எழுதி அனுப்பிய 'மேய்ப்பனும் அவன் வீட்டாரும்' என்ற கட்டுரை அதில் வந்திருந்தது. அதோடு சிரிப்பு முடிந்தது.

தலைவனாக இருக்கிறவன் முதலில் தன் வீட்டாருக்குச் செவிகொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். யார் வீட்டைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இரவில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது நம் வீட்டு ஒழுங்காம். சேகரத்துச் சபைகளில் ஒரு வீடு விடாமல் கை நனைத்துவிட்டு வந்து, பசியில்லை என்று படுத்துக்கொள்கிறவர் நீங்கள். அது கிடக்கட்டும். ஊழியக்காரன் நாலு நல்ல வார்த்தை கூட்டித்தான் எழுதுவான் என்று விட்டுவிடுவேன்.

ஆனால் விஜியை ஏன் எழுதினீர்கள்? முதல் நிச்சயம் முறிந்தபோது அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் கிடந்ததை எழுதியிருக்கிறீர்கள். குளிக்காததை, தலை சீவாததை, செத்துப்போகிறேன் என்று அழுததைக்கூட விடவில்லை. அதுவும் பெயரைப் போட்டு. நீங்கள் மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தீர்களாம், மூன்றாம் நாள் காலையில் எழுந்து காபி கேட்டாளாம். அந்த நாட்களில் நீங்கள் கொடைக்கானலில் போதகர் கூடுகையில் இருந்தீர்கள். நானும் என் தங்கை தங்கபாயும்தான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மதுரைக்குப் பஸ்ஸில் போனோம். டாக்டர் கொடுத்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டுத்தான் தேறினாள். அந்த மாத்திரையும் கர்த்தர் கொடுத்தது என்றே நான் நம்புகிறேன். உங்கள் கட்டுரையில் டாக்டருக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை.

வாசித்த கையோடு பெண்கள் ஐக்கியத்தார் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தலையில் கை வைத்து ஜெபிக்கிறார்களாம். ஒருத்தி, "ஏட்டி, இம்புட்டு நாளா எங்ககிட்ட மறைச்சிட்டியே, ஒரு நாள் முன்னால ஏறி சாட்சி சொல்லு" என்றாள். விஜி எல்லோர் கையையும் விலக்கிவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள். தங்கபாய் வீட்டில் இருக்கிறாள். இன்று அங்கிருந்துதான் கிருஷ்ணன்கோவிலுக்கு வேலைக்குப் போனாள். அப்பா இருக்கிற வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலமே சாம்சனின் அப்பா ஐயாதுரை வந்தார். பட்டாளத்தில் இருந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கல்யாணம் நின்றுபோயிற்று என்றே நினைத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "புள்ளைக்கு நோவு வந்ததை அவளே சாம்சன்கிட்ட எப்பவோ சொல்லிட்டா. அவன் எங்ககிட்டயும் சொல்லிட்டான். அது எங்களுக்கு ஒண்ணுமில்ல. பெத்த மகளையே பேப்பர்ல போடுத மனுசன்கிட்ட சம்பந்தம் வச்சா, நாளைக்கு எங்க வீட்டுச் சண்டையும் பிரசங்கத்துல வருமேன்னுதான் யோசிக்கேன்." என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம் அவள் சொல்லியிருந்தாள். உங்களுக்கு அது போதவில்லை. மரித்த பிள்ளையை எழுப்பிக் கொடுத்த ஆண்டவர், இதை வெளியே சொல்ல வேண்டாம், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றுதானே அந்தத் தகப்பனிடம் சொன்னார்? நீங்கள் எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணின பகுதி அது. அந்த வார்த்தை மட்டும் எப்படி உங்கள் கண்ணில் படாமல் போயிற்று?

வருகிற ஞாயிறு செட்டியார்பட்டிச் சபையில் அசன விருந்து, நம் கோயிலில் ஆராதனை இல்லை. அதனால் மூன்றாம் ஓலை பதினேழாம் தேதிதான். அதை வாசிக்காமல் கல்யாணம் இல்லை என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் விஜிக்குப் போன் பண்ணுங்கள். ஜெபிக்க வேண்டாம். மன்னிப்புக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பரிபூரணம்.


பெங்களூரு,
ஆகஸ்ட் 9.

கிறிஸ்துவுக்குள் பிரியமுள்ள பரிபூரணத்துக்கு, கிருபையும் சமாதானமும் உண்டாவதாக.

உன் கடிதத்தில் சமாதானம் துளிகூட இல்லை. ஒரு குருவானவரின் மனைவி எழுதுகிற எழுத்தா அது? பயிற்சிக்கு வந்திருக்கிற போதகர்கள் யார் கண்ணிலாவது பட்டிருந்தால் என் கதி என்ன?

ஊழியக்காரனுக்கென்று தனி வீடு கிடையாது. சபைதான் அவன் வீடு, அவன் வீட்டில் நடப்பது சபைக்குச் சொந்தம். அங்கி போட்ட நாளிலிருந்து இதைத்தான் நான் விசுவாசிக்கிறேன். கட்டுரையை வாசித்த ஒரு தாய் எனக்குப் போன் பண்ணி அழுதாள். அவள் மகளும் அப்படித்தான் படுத்துக் கிடக்கிறாளாம். விசுவாசத்தோடு காத்திரு என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஆத்துமாவுக்குக் கிடைத்த ஆறுதல் பெரிதா, விஜியின் வெட்கம் பெரிதா?

கொடைக்கானலில் இருந்தேன் என்று குத்திக்காட்டுகிறாய். ஜெபத்துக்குத் தூரம் உண்டா? அங்கே நான் சாப்பிடாமல் கிடந்தது உனக்குத் தெரியுமா? மதுரை டாக்டரை எழுதினால் ஜனங்கள் டாக்டரைத் தேடிப் போவார்கள், ஆண்டவரைத் தேட மாட்டார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒரு தலைவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐயாதுரையும் எனக்கு உபதேசம் பண்ண வேண்டாம். கிறிஸ்மஸுக்கு மட்டும் கோயில் வாசலை மிதிக்கிற மனிதர் அவர்.

தகப்பனை அவமானப்படுத்திவிட்டுச் சித்தி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிற மகளுக்கு ஓலை வாசிக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் ஓலையை நிறுத்திவைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். அவள் குருமனைக்குத் திரும்பி வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும். பிறகு நானே வந்து ஓலை வாசிப்பேன், நானே கல்யாணத்தையும் நடத்துவேன். பிரசங்கக் குறிப்பு தயாராக இருக்கிறது. அவள் பிறந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கள் இருவரின் மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கும்,
ரத்தினம்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஆகஸ்ட் 18.

விஜியின் அப்பாவுக்கு, பரிபூரணம் எழுதுவது.

மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டது. நேற்று திருவிருந்து கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் சபையின் குருவானவர் ராஜபாளையம் வந்திருந்தார். ஓலையைக் கேட்டார். உபதேசியார் கையைப் பிசைந்துகொண்டு, "எங்க ஐயா நிறுத்தச் சொல்லியிருக்காவ" என்றார். காரணம் என்னவென்று கேட்டதற்கு, "காரணம் ஒண்ணும் சொல்லல" என்றார். தடை இருந்தால் சபைக்கு முன்னால் காரணத்தோடு சொல்ல வேண்டும், சேகரகுருவுக்கும் அதே சட்டம்தான் என்று சொல்லி அவரே வாசித்தார். யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு விஜி தலையில் கை வைத்தவர்கள் எல்லாம் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்திருந்தார்கள். உங்கள் வீடு என்று எழுதினீர்களே, அந்தச் சபையில் உங்களுக்காக ஒருவர் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

ஆராதனை முடிந்ததும் குருமனையைப் பூட்டிச் சாவியை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு நானும் இங்கே வந்துவிட்டேன். உங்கள் சட்டைகளைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். கோபம் தீர்ந்தால் திரும்பி வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள். தீரவில்லை.

உங்களுக்குப் போன் பண்ணி அழுத அந்தத் தாயிடம் இன்றைக்கே பேசுங்கள். மதுரை டாக்டரின் விலாசத்தைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் எழுத்தை நம்பி, தன் பிள்ளை மூன்றாம் நாள் எழுந்து காபி கேட்கும் என்று அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். எனக்கு ராத்திரியில் அந்தப் பிள்ளை நினைப்பாகவே இருக்கிறது. விஜிக்காக ஒரு அம்மா பஸ் ஏறினாள். அந்தப் பிள்ளையின் அம்மாவை நீங்கள் உட்காரவைத்துவிட்டீர்கள். இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டீர்களானால், உங்கள் ஜெபத்துக்கு நான் இனி ஆமென் சொல்லமாட்டேன்.

கல்யாணம் செப்டம்பர் எட்டாம் தேதி, இந்த ஊர்க் கோயிலில். இந்த ஊர்க் குருவானவரே நடத்துகிறார். உங்கள் கையில் மைக் கொடுக்காவிட்டால் போதும், சம்பந்தத்துக்குத் தடையில்லை என்று ஐயாதுரை சொல்லிவிட்டார். ஆகவே பிரசங்கக் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள்.

அப்பா வரவேண்டாமா என்று விஜியிடம் கேட்டேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினாள். பிறகு, "வரட்டும்மா. அங்கி போடாம வரட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் ஒன்றும் கூட்டி எழுதவில்லை.

வேட்டி சட்டையில் வாருங்கள். பெண்ணைக் கொடுக்கிறது யார் என்று குருவானவர் கேட்கும்போது அவள் கையைப் பிடித்துக் கொடுங்கள். அந்த இடத்தில் தகப்பன் ஒன்றும் பேச வேண்டியதில்லை, நீங்கள் நடத்தாத கல்யாணமா? ஆசீர்வாதம் சொல்லத் தோன்றினால் மனதுக்குள் சொல்லுங்கள், கேட்க வேண்டியவருக்குக் கேட்கும். உங்கள் கைக்குள் அவள் கை நடுங்கினால், அதை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்துவிடுங்கள்.

பரிபூரணம்.