தயிர்ச் சட்டி ஏறிய இரண்டு வண்டிகள்

பெரியகல்லாறு
ஆனி 2

அன்புப் பேரன் வினோஜனுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடுகிறோம். லண்டனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்திகள். உன் கடைசித் தங்கை மேனுகா சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்துவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் அவள் பெயரெழுதிப் பதாகை கட்டியிருக்கிறார்கள். நான் மூன்று தரம் போய்ப் பார்த்தேன். நடுவில் தங்கை கம்சாயினிக்கு ஆஸ்பத்திரியில் தாதி வேலை நிரந்தரமாகிவிட்டது. அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த அளவுக்கும் நோகாது என்று வார்ட்டே சொல்கிறதாம். மூத்த தங்கை கஜானியின் எருமைத் தயிர் நகரத்தில் ஆறு கடைக்குப் போகிறது. காத்தான்குடியில் கலியாண வீடென்றால் அவளைத்தான் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள் கிடைத்தது கொடுப்பினை.

இனி வண்டி விஷயம். போனில் தொடங்கினால் லைன் சரியில்லை என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நாவற்குடாவில் கார் விற்கிற ஹில்மியின் கடையில் நம் வீட்டுக்கென்று நீ சொல்லி வைத்த பெரிய மின்சாரக் கார் வேண்டாம். அங்கேயே நிற்கிற சின்ன மின்சார வேனை வாங்கு. சாமான் ஏற்றுகிற வேன்தான்.

பார்க்காமல் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை கஜானியும் நானும் நாற்பது தயிர்ச் சட்டியோடு இரண்டு ஆட்டோ பிடித்து நாவற்குடாவுக்குப் போனோம். ஹில்மி சிரித்துவிட்டு, அம்மா, நீங்க கார் வாங்க வந்தீங்களா, கடை போட வந்தீங்களா என்று கேட்டான். ரெண்டுக்கும்தான், கதவைத் திற மகன் என்றேன்.

கார் நல்ல கார்தான். பொய் சொல்ல மாட்டேன். ஏறி இருந்தால் யாரோ மடியில் தூக்கி வைத்த மாதிரி. ஐந்து பேர் காலை நீட்டி இருக்கலாம். ஒரு தரம் மின்சாரம் ஏற்றினால் கொழும்புக்கே போய்ச் சேருமாம். எனக்கும் இறங்க மனமில்லை. ஆனால் பின்கதவைத் திறந்தால் தளம் கஜானியின் இடுப்புக்கு மேலே நிற்கிறது. ஒவ்வொரு சட்டியையும் நெஞ்சுக்குத் தூக்க வேண்டும். இருக்கையை மடித்தாலும் தளம் சரிவு. பலகை வைத்து இரண்டாம் அடுக்கு வைக்கப் பார்த்தால் சாய்ந்த கண்ணாடி இடிக்கிறது. இருபத்தாறு சட்டிதான் ஏறியது, அதோடு ஓடிப் பார்க்கப் போனோம். கல்லடிப் பாலத்தடியில் ஒரு மாடு குறுக்கே வர ஹில்மி பிரேக் அடித்தான். மூன்று சட்டி கவிழ்ந்தது. அவன் முகம் தயிரை விட வெளுத்துப் போனது. புதுக் காருக்குத் தயிரபிஷேகம் நடந்திட்டு, இனிப் பூசைதான் பாக்கி என்று கஜானி சொல்ல, பாவம், அவனும் சிரித்துவிட்டான். இருக்கையை நாங்களே துடைத்துக் கொடுத்தோம்.

வேனில் தளம் முழங்காலளவு, பாய் விரித்த மாதிரித் தட்டை. பக்கக் கதவை இழுத்துத் திறக்கலாம், நம் குறுகல் ஒழுங்கையின் வேலியில் முட்டாது. மிச்சமிருந்த முப்பத்தேழு சட்டியும் ஏறி, இன்னும் அவ்வளவுக்கு இடம் கிடந்தது. அதே பாலம் வரை ஓடியும் ஒன்றும் அசையவில்லை. இது கொழும்புக்குப் போகாதுதான். நம் தயிரும் கொழும்புக்குப் போகவில்லையே. போய்வர அறுபது கிலோமீற்றர். வீட்டு பிளக்கில் போட்டால் விடிய நிரம்பிவிடும். இருக்கை இரண்டுதான் என்பாய். மாமாங்கப் பிள்ளையார் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு நாங்கள் வழக்கம்போல் பஸ்ஸில் போவோம்.

கஜானி ஆட்டோவில் ஒரு நாளைக்கு மூன்று நடை போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். புதிதாக இரண்டு ஹோட்டல்காரர் கேட்டும் ஏற்றிப்போக வழியில்லாமல் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர்கள் வேறு ஆளைப் பிடித்தால் போனதுதான். கார் வந்தால் உன் பெயரில், நீ வரும்வரை சீலை மூடி நிற்கும். நம் பக்கத்தில் வீடு வளவைப் பெண்பிள்ளைக்குத்தானே எழுதுகிறோம்? வேனையும் கஜானியின் பெயரில் எழுது.

சாமான் வேன் நம் வாசலில் நின்றால் ஆக்கள் என்ன நினைப்பாங்க என்று அவளிடம் கேட்டாயாம். அதற்குப் பதில்தான் மகன் அடுத்து வருகிற பந்தி. கஜானிக்கும் காட்டாமல் எழுதுகிறேன்.

நம்மிடம் தயிர் வாங்குகிற காத்தான்குடி றவூப்பின் மகனும் லண்டனில்தான் இருக்கிறான். தை மாதம் றவூப் வந்தபோது சொன்னார், ஒங்கட பேரன்தான் எங்கட மகன்ட வீட்டுக்கு வேனில பார்சல் பொட்டி கொண்டு வந்தவர், கொட்டுற மழையில அவர் நனைஞ்சாரே தவிர பொட்டிய நனைய விடல்ல என்று. அன்று முழுக்க நான் நிமிர்ந்து நடந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கம்பனி வேலை என்றுதானே நீ சொல்லியிருந்தாய்? நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். இந்த வீட்டில் மேனுகா படித்ததும் கஜானி முதல் சட்டி வாங்கியதும் நீ ஏற்றி இறக்கிய பெட்டியில்தான். அதில் ஆக்கள் நினைக்க என்ன இருக்கிறது?

ஆடி பிறக்கும் வரை வேனை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று ஹில்மி வாக்குத் தந்திருக்கிறான். வேன் என்று ஒரு சொல் அவனுக்குச் சொல்லிவிடு. நீ மாறிச் சொன்னால் நான் திரும்பவும் சட்டியோடு போய் அவன் கடை வாசலில் இருப்பேன்.

நீ போகிற தெருவெல்லாம் பிள்ளையார் உனக்கு முன்னே போகட்டும்.

இங்கே இருக்கிறது நீ கோட்டுப் போட்டு யாருடைய காரிலோ சாய்ந்து நிற்கிற பழைய படம். புதிதாக ஒன்று எடு மகன். வேலை உடுப்போடு, உன் வேனின் கதவைத் திறந்து வைத்து, முகம் தெரிய நின்று எடு. போனில் வேண்டாம், கடதாசியில் அடித்துத் தபாலில் அனுப்பு. முன்னறைச் சுவரில் ஆணி அடித்துவிட்டேன்.

உன் அம்மம்மா,
ஆச்சிப்பிள்ளை